ஒன்றாம் அண்ணனின் மதகு

"நாலண்ணே, ஷட்டரை இறக்கு. பௌர்ணமிக்கு உப்புத் தண்ணி ஏறிடும்."

"இறக்க முடியாது, எட்டக்கா. நான் இப்போ உத்தியோகத்துல இருக்கேன்."

"என்ன உத்தியோகம்?"

"இறக்காம இருக்கறது."

எட்டக்கா படகை மதகுத் தூணில் முட்டி நிறுத்தினாள். மேலே நாலண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், குடைக்கடியில், ஆரஞ்சு நிற மேல்சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன வருஷம் வரை அதே இடத்தில் பனியனோடு நின்று சக்கரம் சுற்றியவன்.

"முன்னே சுத்தினதுக்கு ஊரே சேர்ந்து தெத் பண்டிகைக்கு ஒரு வாத்து குடுப்பீங்க," என்றான். "அதுவும் கிழட்டு வாத்து. இப்போ சுத்தாம இருக்கறதுக்கு மாசாமாசம் சம்பளம். நீயே சொல்லு, நான் என்ன பண்ண?"

"நீ சுத்த வேணாம். எந்திரி, நான் சுத்தறேன்."

"எதைச் சுத்துவே?"

அப்போதுதான் அவள் பார்த்தாள். சக்கரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மண்டையில் சிவப்பு விளக்கு, அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

"சக்கரம் எங்கே?"

"மையத்துல. கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெச்சிருக்காங்க. அது ஏதோ ரெண்டு அறிவுக்கு நடுவுல இருக்கற சாமானாம். யாரும் தொடக்கூடாதாம்."

"யாரு யாரோட அறிவு?"

"உன்னோடது ஒண்ணு. அவங்களோடது ஒண்ணு."

"என்னோடதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"குடுக்க மாட்டாங்க. மதகு இப்போ கத்துக்கிட்டு இருக்கு. தண்ணியும் கத்துக்குதாம், சமூகமும் கத்துக்குதாம். நடுவுல கை வெச்சா பாடம் கெட்டுடும்."

மெகாங் ஆறு கடலில் கரைகிற கோடியில் இருக்கிறது எங்கள் ஊர் ராச் மூய். மழைக்காலம் முழுக்க நெல். அறுத்த பிறகு, தெத் என்கிற புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும், மதகைத் தூக்கி உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் அதே வயலில் இறால். ஒரு நிலம், இரண்டு பிழைப்பு, நடுவில் அந்த ஒற்றை மதகு. அந்தச் சமயம் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் உப்பு உள்ளே வந்தால் கதிரெல்லாம் பதராகும். முதலில் ஆவது மதகை ஒட்டிய எட்டக்காவின் வயல்தான். அவள் புருஷன் எட்டண்ணன் ஏற்கெனவே நகரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். இந்த நெல்லும் போனால் அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். அப்படிப் பூட்டிய வீடுகள் கால்வாய்க் கரையில் நிறைய இருந்தன.

மற்றவர்கள் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். எல்லோரும் மையத்துக்குப் போய், மையம் கொடுத்த துணிப்பையோடு திரும்பி வந்து, களைத்துப்போய்க் கிடந்தார்கள். பை மட்டும் நல்ல பை.

மையத்தின் முழுப்பெயர் 'தகவமைவு நீர் மேலாண்மைக்கும் சமூகத்துக்குமான பல்துறை ஆய்வு மையம்.' பெயர்ப்பலகை முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு தென்னைகளை வெட்டினார்கள். தண்ணீரையும் மனிதரையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் உலகம் கெட்டது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. எங்கள் ஊரில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. தண்ணீர் கட்டிலுக்கடியிலேயே வந்து போகும்.

மையத்தின் தலைவர் பேராசிரியர் ஹிஸ்பெர்ட். கடலைச் சுவர் கட்டி நிறுத்தி வைத்திருக்கிற நாட்டுக்காரர். நெட்டையானவர், நல்லவர், எதைக் கேட்டாலும் கண் கலங்குகிறவர். மையத்துக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது அவர் வந்த புதிதில் எங்கள் வீடுகளில் கேட்ட ஒரு கேள்வி.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி எண் சொல்லிக் கூப்பிடுவோம். அந்த எண் இரண்டில் தொடங்கும். தலைப்பிள்ளை ரெண்டண்ணன், இல்லாவிட்டால் ரெண்டக்கா. கட்டி வந்தவளுக்குப் புருஷனுடைய எண். வயது பார்க்காமல் ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஒன்று என்று யாரையும் கூப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவர் ராஜா காலத்துக் கதை சொல்வார். இன்னொருவர் தலைப்பிள்ளையைத் தேடிவரும் பேயை ஏமாற்றுவதற்கு என்பார். மூன்றாமவர், "இல்லேன்னா இல்லை, போய் வேலையைப் பாருங்க" என்பார்.

பேராசிரியர் முதலில் போய் உட்கார்ந்தது எட்டண்ணன் குடும்பத்தில் எல்லாருக்கும் மூத்தவரான ரெண்டண்ணன் வீட்டில்.

"உங்கள் குடும்பத்தில் முதலாமவர் எங்கே?"

"ஒண்ணா? ஒண்ணு இல்லையே."

"எப்போதிலிருந்து இல்லை?"

"எப்பவுமே இல்லை."

"அவர் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததுண்டா?"

ரெண்டண்ணன் அரிசிச் சாராயத்தை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு யோசித்தார். ஆறு தம்பி தங்கைகளின் பஞ்சாயத்து அவர் கண்முன் வந்தது. "ஐயோ, இருந்திருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி!" என்று பெருமூச்சு விட்டார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த வீட்டிலும் ஒன்று இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள்; சிலர் பேசவே மறுக்கிறார்கள். ஏதோ ஒரு பெருவெள்ளம் இந்த ஊரின் தலைப்பிள்ளைகள் எல்லாரையும் கொண்டுபோயிருக்கிறது, அந்தத் துயரத்தை ஊர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மென்று விழுங்குகிறது என்று மையம் முடிவுக்கு வந்தது. இந்த முடிவுக்கு வர நீரியலும் உளவியலும் மானுடவியலும் சேர்ந்து உழைத்தன. ஒரு துறை மட்டும் தனியாக முயன்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

எட்டக்கா மையத்துக்குப் போன அன்று பயிலரங்கு நடந்துகொண்டிருந்தது. அங்கே எப்போதும் பயிலரங்குதான். குளிரூட்டிய கூடத்தில் அவளை உட்கார வைத்து, பால் ஊற்றிய ஐஸ் காப்பி கொடுத்து, மஞ்சள் தாளில் மனசில் உள்ளதை எழுதி ஒட்டச் சொன்னார்கள். 'மதகை மூடுங்கள்' என்று எழுதி ஒட்டினாள். நடத்திய பெண் அதைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது தீர்வு. தீர்வெல்லாம் பச்சைத் தாள்ல, அதுவும் கடைசி நாள்ல. இப்போ உணர்வு மட்டும்," என்று உரித்தெடுத்தாள்.

பிறகு விளையாட்டு. ஒருவர் வேஷத்தை இன்னொருவர் போட்டால் ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்குப் புரியும் என்று ஏற்பாடு. நீரியல் பொறியாளர் விவசாயி ஆனார். தலையில் கோரைத் தொப்பி வைத்தார்கள். பொருளாதார அம்மாள் நெல் ஆனாள். எட்டக்காவுக்கு உப்பு கிடைத்தது.

"நான் விவசாயிங்க," என்றாள் எட்டக்கா.

"அதனாலதான் உங்களுக்கு அதைக் குடுக்கலை. உள்ளே வாங்க, உப்பு," என்றாள் நடத்திய பெண்.

"நான் வர மாட்டேன்."

"உப்பு அப்படிச் சொல்லாதுங்க."

"இந்த உப்பு சொல்லுது. நான் கடல்லயே இருந்துக்கறேன். எனக்கு அங்கே என்ன குறைச்சல்?"

"உப்பு ஒத்துழைக்க மறுக்கிறது" என்று யாரோ பதிவு செய்தார்கள். கடைசியில் இரண்டு இளைஞர்கள் அவளைத் தோளைப் பிடித்து மெதுவாக வயலுக்குள் தள்ளினார்கள். நெல் அம்மாள் கம்பளத்தில் சாய்ந்து செத்தாள். தொப்பி போட்ட பொறியாளர் எல்லாவற்றையும் இழந்து எழுந்து நின்று, "நான் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்றார். கைதட்டல் ஓய நேரமானது.

அப்போது துணை இயக்குநர் டாக்டர் லியெம் மேடையேறினார். எங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர். வெளிநாட்டில் படித்து வந்தவர். அவர் பேச்சை எட்டக்கா வாய் பிளந்து கேட்டாள்.

"நண்பர்களே, பழைய மேலாண்மை என்ன செய்தது? பிரச்சினை வந்ததும் தீர்த்துவைத்தது. அதனால் யாரும் எதையும் கற்கவில்லை. தகவமைவு மேலாண்மை அந்தத் தவறைச் செய்யாது. மதகை மூடினால் நெல் பிழைக்கும் என்கிறார்கள். பிழைக்கட்டும். ஆனால் பிழைத்த நெல்லிலிருந்து நமக்கு என்ன தரவு கிடைக்கும்? ஒரு சமூகம் எவ்வளவு தாங்கும் என்பதை அது தாங்க முடியாமல் போகும்போதுதானே அளக்க முடியும்? முடிவுகளை நாங்கள் எடுப்பதில்லை, மக்கள்தான் எடுப்பார்கள். எடுத்த முடிவை எப்போது கேட்பது என்ற முடிவை மட்டும் நாங்கள் எடுப்போம்."

"எப்போ கேப்பீங்க?" என்றாள் எட்டக்கா.

"அடுத்த கட்டத்தில்."

"அது பௌர்ணமிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

டாக்டர் லியெம் புன்னகைத்தார். "சந்திரன் எங்கள் பங்குதாரர் இல்லை, அம்மா."

பயிலரங்கு முடிந்ததும் பேராசிரியர் தனியாகப் பேச அழைத்தார். ஆழ்நேர்காணல் என்று பெயர். லியெம் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அந்த அறையின் ஜன்னலில் கால்வாய் தெரிந்தது. தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பழுப்பு போய், உப்பு ஏறினால் வருகிற ஒரு தெளிவு. அந்தத் தெளிவு எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. எட்டக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் புருஷன் குடும்பத்தின் முதலாமவரைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"எல்லாம் போயிடும்," என்று அழுதாள் எட்டக்கா. "தண்ணி எல்லாத்தையும் கொண்டுபோயிடும். நான் என்ன பண்ணுவேன்!"

பேராசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். தம் சொந்தக் கைக்குட்டையை நீட்டினார். ஒலிப்பதிவுக் கருவி சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இத்தனை காலத்தில் நீங்கள்தான் முதலில் அழுதிருக்கிறீர்கள்," என்றார். "சொல்லுங்கள், முதலாமவர் இன்று பேசினால் என்ன கேட்பார்?"

யாரைச் சொல்கிறார் என்று எட்டக்காவுக்குப் புரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மதகை மூடச் சொல்லுவாரு. வேற என்ன சொல்லுவாரு?"

பேராசிரியர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்; திரும்பி வந்தார்.

"உயிரோடு இருப்பவர்களின் கோரிக்கையை நம்மால் ஏற்க முடியாது," என்றார் மெல்ல. "அவர்களுக்கு நெல் இருக்கிறது, ஆதாயம் இருக்கிறது. இறந்தவருக்கு ஒன்றும் இல்லை. அவருடைய குரல்தான் இந்த ஊரிலேயே நடுநிலையான குரல். மதகை மூடுவோம். பௌர்ணமியன்று. முறைப்படி."

வெளியே நடையில் டாக்டர் லியெம் அவளைப் பிடித்து நிறுத்தினார். மேடைக் குரல் காணாமல் போயிருந்தது.

"எட்டக்கா, உள்ளே என்ன சொன்னீங்கன்னு தெரியுதா?"

"தெரியலைங்க. ஒண்ணாவது யாருங்க? எங்க வீட்டுல ரெண்டண்ணன்தான் மூத்தவரு."

"எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல நான்தான் ரெண்டு."

எட்டக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ அந்தாளுகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே!"

"நான் விஷயத்தைப் பாக்கறதுக்குள்ள அது அச்சாகிடுச்சு. எட்டு ஊர்ல மாநாடு போட்டுட்டாங்க. அதை வெச்சு நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. இப்போ போய், ஐயா, இங்கே எண்ணறதே ரெண்டுல இருந்துதான்னு சொன்னா, ஏன்டா இவ்வளவு நாள் சொல்லலைன்னு என்னைத்தானே கேப்பாங்க? எங்கம்மா இன்னமும் என்னை ரெண்டுன்னுதான் கூப்பிடுறாங்க. மையத்து ஆளுங்க வீட்டுக்கு வந்தா, அம்மா, தயவுசெஞ்சு பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு கால்ல விழறேன்."

"நான் போய் உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. மதகு திறந்தே இருக்கும்."

எட்டக்கா பேராசிரியரின் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு படகுக்குப் போனாள்.

பௌர்ணமியன்று காலையிலேயே ஊர் மதகில் கூடியது. எல்லாருக்கும் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைத் தலைக்கட்டு மையமே தைத்துக் கொடுத்தது. படையலும் மையத்துச் செலவு: வாத்துக் கஞ்சி, அவித்த கோழி, சாராயம், சிகரெட், பழங்கள். படைப்பதற்கு ஒரு படம் வேண்டுமே என்று கேட்டார்கள். ஒன்றாம் அண்ணனுக்குப் படம் ஏது? வெறும் சட்டத்தை மாட்டி, அதுவே இன்மையின் குறியீடு என்றார் ஒரு கலைஞர்.

ரெண்டண்ணன் முன்வரிசையில் வாத்துக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குடா திதி?" என்று கேட்டார்.

"உனக்கு மூத்தவருக்கு," என்றான் நாலண்ணன்.

"எனக்கு மூத்தவனா? எங்கம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே! எப்போ செத்தான்?"

"வெள்ளத்துல."

"அடப்பாவமே." ரெண்டண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இருந்திருந்தா பஞ்சாயத்தெல்லாம் அவன் பாத்திருப்பான். அந்தக் கஞ்சியை இப்படித் தள்ளு."

சக்கரம் தனிப் படகில், பட்டு மெத்தையில் வந்தது. அதை நான்கு ஆராய்ச்சியாளர்கள் தூக்கி வந்து தண்டில் மாட்டினார்கள். முதலில் தலைகீழாக மாட்டினார்கள். ஏற்றம் தொடங்கிவிட்டது. கால்வாய்த் தண்ணீர் தூணில் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது.

பேராசிரியர் பேசினார். தண்ணீர் பாசிக்கோட்டைத் தொட்டது. "நாம் நதியின் பேச்சைக் கேட்கத் தவறினோம்," என்றார். லியெம் மொழிபெயர்த்தார். தண்ணீர் பாசிக்கோட்டைத் தாண்டியது. "இனி நிதானமாகக் கேட்போம்," என்றார். அதையும் லியெம் நிதானமாக மொழிபெயர்த்தார். பிறகு கலைஞர் தண்ணீருக்காக ஒரு கவிதை படித்தார். கவிதை முடிந்ததும் எல்லோரும் மௌனமாக நிற்க வேண்டும், தண்ணீர் தானே பேசும் என்று அறிவித்தார்கள். தண்ணீர் பேசியது. சளக் சளக்கென்று மதகுக்குள் நுழைந்து எட்டக்காவின் வரப்பை நோக்கிப் போனது.

எட்டக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஒண்ணாம் அண்ணே…!" என்று ஒரு ஓலம் போட்டாள். "எங்களை விட்டுட்டுப் போயிட்டியே! முகத்தைக் கூடக் காட்டலையே!" தலைவிரிகோலமாக ஓடிப் போய்ச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். "நாலண்ணே, நீயும் வாயேன், அவருக்காக அழ மாட்டியா!"

"நான் உத்தியோகத்துல…" என்று நாலண்ணன் இழுத்தான்.

"துக்கத்துல சுத்தினா சுத்தினதா ஆகாதுடா, சண்டாளா! வா!"

நாலண்ணன் பேராசிரியரைப் பார்த்தான். பேராசிரியர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவனும் பாய்ந்து, "அண்ணே!" என்று அலறியபடி சக்கரத்தைப் பிடித்தான். ஊர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டிக்கொள்ள இடம் இல்லாதவர்கள் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொரு ஓலத்துக்கும் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. ஷட்டர் கீழே இறங்கி அடித்தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் அழுகை சட்டென்று நின்றது. எல்லோரும் கஞ்சிக்குப் போனார்கள்.

நெல் பிழைத்தது. எட்டக்கா அறுத்தாள், காயவைத்தாள், புருஷனுக்குத் தெத் பண்டிகைக்கு வரச் சொல்லிப் போன் போட்டாள். அவன் வந்து, இனிமேல் நகரத்துக்குப் போகவில்லை, இறால் விடலாம் என்று வயலைக் குட்டையாக்கிக் கரையைச் செப்பனிட்டான். பண்டிகை முடிந்து, மதகைத் தூக்கச் சொல்ல இருவரும் படகில் போனார்கள்.

நாலண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை மட்டும் கறுப்பு.

"தூக்க முடியாது, எட்டக்கா. எனக்குப் பதவி உயர்வு. நான் இப்போ நினைவுக் காவலர்."

மதகின் நெற்றியில் ஒன்றாம் அண்ணன் நினைவாகச் சலவைக்கல் பதித்திருந்தார்கள். அதன் கீழே மாலை. சக்கரம் மறுபடி கண்ணாடிக் கூண்டுக்குப் போய்விட்டது. இறந்தவரின் விருப்பப்படி மூடிய மதகை உயிரோடு இருப்பவர்கள் திறப்பது அவரைப் புண்படுத்துவதாகும் என்று மையம் விதி எழுதியிருந்தது. தண்ணீரோடு சேர்த்துத் துக்கத்தையும் மேலாண்மை செய்கிற முதல் மதகு என்று மூன்று நாட்டிலிருந்து பார்க்க வரப்போகிறார்களாம்.

ஊர் எட்டக்காவைச் சும்மா விடவில்லை. "உன்னை யாரு அவ்வளவு சத்தமா அழச் சொன்னது?" என்றார்கள். "உன் ஒண்ணாம் அண்ணன் எங்க இறால்ல மண்ணைப் போட்டுட்டான்." ரெண்டண்ணன் மட்டும் செத்தவனைப் பழிக்கக் கூடாது என்றார். குட்டைகள் காய்ந்து வெடித்துக்கொண்டு வந்தன. எட்டண்ணன் நகரத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினான்.

மறுநாள் காலை எட்டக்கா பழைய வெள்ளைத் தலைக்கட்டைக் கட்டிக்கொண்டு மையத்துக்குப் போனாள். காப்பியை வேண்டாம் என்றாள். மஞ்சள் தாளை வாங்கவில்லை. நேராக ஆழ்நேர்காணல் அறைக்குப் போய், பேராசிரியரின் கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் பதறி எதிரே உட்கார்ந்தார். டாக்டர் லியெம் பின்னால் வந்து நின்றார்.

"கனவுல வந்தாரு," என்றாள் எட்டக்கா.

லியெம் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"என்ன சொன்னார்?" பேராசிரியரின் குரல் தழுதழுத்தது.

"முகமே சரியில்லைங்க. படையல்ல இறாலே வைக்கலைன்னு அழறாரு."

பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினார். பேனாவைத் திறந்தார்.

"எந்த வகை இறால்?" என்று கேட்டார்.